விலக்குப் பட்டியல்

என் பிரியமான தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே நீ கிழித்துப் போட்டுவிடுவாய் என்றுதான் கவரின் மேல் முகவரியைப் பக்கத்து வீட்டு டீச்சரை எழுத வைத்தேன். என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்து மூன்று மாதம் ஆகிறது. வேறு வழி தெரியவில்லை. திட்டிக்கொண்டாவது கடைசி வரை படி.

பாப்பா எப்படி இருக்கிறாள்? இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் கேட்டேன். தையல் ஆறிவிட்டதா, படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதா, ஒன்றும் தெரியாது. சொந்தப் பெரியம்மா நான்! கேட்கிற யோக்கியதை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பைலட்டுகளின் வேலைநிறுத்தம் போன மாதம் முடிந்தது. தொண்ணூற்று நான்கு நாள். என்ன கிடைத்தது என்று கேட்காதே. குறைத்த சம்பளம் குறைத்ததுதான். புது ஒப்பந்தத்தில் ஓய்வு நேரத்தை மட்டும் ஒரு மணி கூட்டிக் கொடுத்தார்கள், அதையே பெரிய மனது பண்ணிக் கொடுத்தது போல. சங்கச் செயலாளர் என்று உன் அத்தான்தான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஓட்ட விமானம் இல்லாத மனுஷன் என் சமையலறையை ஓட்ட ஆரம்பித்தார். கேஸ் மூடியாச்சு, குழாய் மூடியாச்சு, ஜன்னல் திறந்தாச்சு என்று, விமானத்தில் செக்லிஸ்ட் படித்துச் சரிபார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லுவார். "இது அடுப்புங்க, ஏரோப்ளேன் இல்ல" என்று நான் கத்துவேன். இப்போது சமையலறைப் பக்கமே வருவதில்லை.

சீனியாரிட்டிப் பட்டியலை மாற்றிவிட்டார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். பைலட் வீட்டில் கல்யாண நாளை மறந்தாலும் அந்த நம்பரை மறக்க மாட்டோமே. வேலைநிறுத்தம் முடியும் முன்னாலேயே கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போனவர்கள் மேலே, கடைசி வரை நின்றவர்கள் கீழே. நாற்பத்தொன்றாக இருந்தவர் இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு. கேப்டன் பதவி போயிற்று. இனி வலது பக்கத்துத் துணை பைலட் இருக்கைதான். தோளில் மாட்டிக்கொள்ள மூன்று கோடு போட்ட பட்டையைக் கூரியரில் அனுப்பியிருந்தார்கள், ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல். நான்தான் சட்டையில் மாட்டி வைத்தேன். அதைப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

இது கிடக்கட்டும், வயிறெரிந்தாலும் பழகிக்கொள்ளலாம். நேற்று ரோஸ்டர் வந்தது, யார் யாரோடு பறக்க வேண்டும் என்கிற பட்டியல். பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை விமானம். கேப்டன், மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர். துணை, உன் அத்தான்.

கையெழுத்துப் போட்டுப் போனவர்களிடம் செக்லிஸ்ட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. அதை எழுதியதே இவர்தான். இன்றைக்கும் எல்லாரும் அப்படித்தான் பறக்கிறார்கள். மாற்றிக் கேளுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அடுத்தவனுக்குச் சட்டம் போட்டவன் நான். எனக்கு மட்டும் தப்பிக்க வழி தேடவா?" என்கிறார். சகலை, சகலை என்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுத் திரிந்த இரண்டு பேர். பூட்டிய அறைக்குள் மூன்று மணி நேரம், வேகத்தையும் உயரத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டு.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

இரண்டாவது மாதம் கம்பெனி மருத்துவக் காப்பீட்டை நிறுத்தியதும், பாப்பா ஆபரேஷனுக்கு என்ன செய்வதென்று நீ எனக்குப் போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் கடுமையான நோய் இருப்பவர்கள் சங்கத்தின் சம்மதத்தோடு வேலைக்குப் போகலாம் என்று ஒரு விலக்குப் பட்டியல் இருந்தது. அதில் பெயர் இருந்தால் யாரும் துரோகி என்று சொல்ல மாட்டார்கள். "நாங்க நேரா கேட்டா சொந்தக்காரங்க சலுகை கேக்கறாங்கன்னு ஆயிடும்க்கா. நீ அத்தான் காதுல ஒரு வார்த்தை போடு, அவரே கூப்பிடுவாரு" என்றாய். சரி என்றேன்.

அன்றைக்கு எங்கள் ஹால் முழுக்கச் சங்கத்து ஆட்கள். யாரோ ஒருவர், "செயலாளர் வீட்டாளுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?" என்று வேறு எதற்கோ சத்தம் போட்டார். உன் அத்தானின் முகம் சுருங்கிப் போயிற்று. டீத் தட்டோடு நின்ற நான் இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே. நீ மறுபடி கேட்டபோது, "சொல்லிட்டேன், யோசிக்கிறேன்னாரு" என்றேன்.

பொய், தங்கம். நான் சொல்லவே இல்லை.

நீ முதலில் கேட்டதிலிருந்து ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அவர் பெயரைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் துரோகிகள் வரிசையில் உன் அத்தான் தன் கையாலேயே எழுதினார். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். நம் அப்பா போனபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை. "குழந்தைக்காக விலக்கு வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் பேரா போட்டிருப்பேனே. அவன் கேக்கவே இல்லையே" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தட்டில் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அத்தான் மறுத்துவிட்டார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மாப்பிள்ளை மதிக்கவில்லை என்று இவர் நினைக்கிறார். நடுவில் நின்று இரண்டு வீட்டுக்கும் மண் அள்ளிப் போட்டவள் நான்.

பறக்கப் போகிறவனிடம் மனக்கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். ஆனால் தொண்ணூற்று நான்கு நாள் அவர் பறக்கவே இல்லையே. அந்தச் சாக்குகூட எனக்கு இல்லை. இந்த வாரத்தில் மூன்று தடவை வாயைத் திறந்தேன். என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்கிறார். அந்த "என்னம்மா" இனிமேல் கிடைக்காது என்று நினைத்ததும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதனால் நீ எனக்காக ஒன்று செய். எனக்காக வேண்டாம், அவருக்காக. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு. பத்தொன்பதாம் தேதி அவர் இதைச் சட்டைப் பையில் எடுத்துப் போகட்டும். புறப்படும் முன் வேண்டாம். தரையிறங்கி, இன்ஜினை அணைத்து, பயணிகள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, செக்லிஸ்ட்டில் படிக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது, உன் அத்தான் கையில் கொடுக்கட்டும். கேப்டன் கொடுப்பதை அவர் வாங்காமல் இருக்க மாட்டார். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் போதும். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

பாப்பா நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அவளிடம் பெரியம்மா கேட்டதாகச் சொல்லாதே.

மன்னிக்கச் சொல்ல வாய் வராத,
உன் அக்கா