என் தம்பியைக் கழிவோடு எரிப்பதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
மெரெயானா ரங்கிஹூனா,
இறைச்சி ஆலைத் தொழிலாளி,
வைரோவா, நியூசிலாந்து.

பெறுநர்:
மனித உடல்திசு ஆய்வு ஆணையர்,
வெலிங்டன்.

பொருள்: இறந்த என் தம்பி கெரெயாமாவின் தோலிலிருந்து வளர்த்த செல்களை எங்களிடம் ஒப்படைப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆக்லாந்து கோவாய் ரத்தக்குழாய் ஆய்வகம் என் தம்பியைத் தட்டில் வளர்த்து, தேவை முடிந்ததும் பழைய ஊசிகளோடு சேர்த்து எரிக்கிறது.

2. எங்கள் குடும்பத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர் மெலிந்து கசியும் நோய் உண்டு. கெரெயாமா அதில்தான் போனான். சாவதற்கு முன் ஆய்வுக்காகக் கையிலிருந்து கொஞ்சம் தோலை மனமுவந்து கொடுத்தான். மாவோரிகளாகிய எங்களுக்கு உடலின் எந்தத் துணுக்கும் மண்ணுக்குத் திரும்ப வேண்டும். அதை அவன் தன் பாணியில் சொன்னான்: "வேல முடிஞ்சதும் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க டாக்டர். அரைகுறையா போய் நின்னா எங்க பாட்டன் பூட்டன்லாம் உள்ளயே விடமாட்டாங்க." அந்த ஆய்வகத்தின் டாக்டர் ஃபென்விக் சிரித்தபடி சம்மதித்தார். அடக்கத்தன்று ஆய்வகத்திலிருந்து ஒரு குப்பி வந்தது. எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி அவனோடு புதைத்தோம்.

3. சென்ற மாதம் ஃபென்விக் எங்களுக்கு நன்றி சொல்ல ஊர் மண்டபத்துக்கு வந்தார். தோலை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை வளர்த்ததாக விளக்கினார். இறந்தவர்களின் படங்கள் மாட்டிய சுவருக்கு எதிரே, திரையில் அந்தச் செல்கள் நகர்ந்து குழாய் குழாயாகச் சேர்ந்தன. கெரெயாமாவின் செல்கள் நல்ல உயிரோடு இருப்பதாக மகிழ்ச்சியுடன் சொன்னார். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். படம் காட்டும் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று அவர் திரும்பிப் பார்த்தார். அத்தை ஹூரியா எழுந்தார்: "அவன் உயிரோட இருக்கான்னா, நாங்க யாரய்யா பொதச்சோம்?"

4. பயன்படுத்திய தட்டுகள் என்ன ஆகின்றன என்று நான் கேட்டேன். கழிவோடு போகும் என்றார், ஒளிக்காமல். குப்பியில் வந்தது மீந்த தோல், வளர்த்தவை ஆய்வகம் உண்டாக்கியவை, அவை அவனுடையவை அல்ல என்பது அவர்கள் வாதம். அவனுடையவை இல்லையென்றால் அவனைப் போலவே ஏன் கசிகின்றன? கசிவதால்தானே வளர்க்கிறார்கள்?

5. ஆய்வை மூடச் சொல்லவில்லை. தம்பி மகள் அனஹேராவுக்கும் அதே நோயால் மூக்கில் ரத்தம் வடியத் தொடங்கிவிட்டது. மருந்து வந்தால் முதலில் அவளுக்குத்தான் வேண்டும். அது தெரிந்தே அவள் தோலையும் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கவும் பயம், மறுக்கவும் பயம்.

எரிப்பதை உடனே நிறுத்த உத்தரவிடுங்கள். வேலை முடிந்த ஒவ்வொரு தட்டும் எங்கள் கைக்கு வர வேண்டும். அவள் மேல் கத்தி வைக்கும் முன், அவள் அப்பாவை எப்போது திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கிக் கொடுங்கள்.

இடம்: வைரோவா
நாள்: 14.05.2024

மெரெயானா ரங்கிஹூனா