சோயாப் பொடியும் என் வாயும்

ஆவணி 3, செவ்வாய்
காலையிலிருந்து புழுக்கம். தறிச் சத்தத்தில் தலைவலி வேறு. மார்பகப் படம் (மேமோகிராம்) எடுத்த ரிப்போர்ட் வந்தது. 'திசு அடர்த்தி அதிகம்.' நாற்பத்தெட்டு வயதில் இது என்ன புதிதாக? வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம். போனில் தேடினேன். சோயாவில் பெண் ஹார்மோன் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதனால் இப்படி ஆகுமாம். மாதத் தூரம் நின்ற பிறகு உடம்பு எரிகிறது என்று நான் புலம்பியதும், சோயாவும் ஆளி விதையும் வறுத்துப் பொடித்துத் தந்தவள் சுமதி. கொழுந்தன் மனைவி. தினமும் மோரில் கலந்து இரண்டு பேரும் குடிக்கிறோம்.

ஆவணி 5, வியாழன்
நாத்தனார் வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். பத்து பேர் முன்னால் சுமதியைக் கேட்டுவிட்டேன்: "என்னத்தப் பொடிச்சுக் குடுத்தே? உன்னாலதான் எனக்கு இப்படி ஆயிருக்குது." அவள் எச்சில் இலை எடுக்கப் போய்விட்டாள்.

ஆவணி 10, செவ்வாய்
தூறல். ஈரோடு ஆஸ்பத்திரி. வேண்டாம் என்றும் சுமதி கூடவே வந்தாள். பவானிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. டாக்டரம்மா சொன்னது: அடர்த்தி நோயில்லை, பலருக்கு உடல்வாகே அப்படி. சாப்பாட்டில் சேர்க்கும் சோயா அதைப் பெரிதாக மாற்றுவதாகத் தெரியவில்லை. ஆனால் கட்டி இருந்தால் படத்தில் மறைந்துவிடலாம், அதனால் ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை.

வெளியே வந்து சுமதியிடம் எல்லாம் சொன்னேன். சோயாவைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை மட்டும் முழுங்கிவிட்டேன்.

அவள், "அக்கா, எனக்கும் இடது பக்கம் கட்டி ஒண்ணு தட்டுப்படுதுங்க. போன வாரமே சொல்லலாம்னு இருந்தனுங்க. அன்னிக்கு நீங்க பேசினதும் வாய மூடிட்டனுங்க" என்றாள்.

"எனக்கு வந்தது பொடியால இல்ல சுமதி. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே."

உள்ளே கூட்டிப் போனேன். ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள்.

ஆவணி 17, செவ்வாய்
வெயில். தறிக்குப் பாவு நூல் வரவில்லை. சுமதி ரிப்போர்ட் வாங்கக் கொழுந்தனோடு போனாள். என்னைக் கூப்பிடவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டு, சுமதி மேல் தப்பில்லை, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். அதற்குள் நான் விருந்தில் பேசியதை அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள்.

மத்தியானம் வந்தார்கள். சாதாரணக் கட்டி, புற்று இல்லை. சுமதி தன் அம்மாவிடம் போனில் சொல்வது சமையலறை வரை கேட்டது. அப்புறம்தான் உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணுமில்லீங்களாமா" என்றாள்.

நல்லது என்றேன். இரண்டு டம்ளர் மோரில் பொடியைக் கலந்து, ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினேன்.