பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்ன உன் சோகம்

என் ஆசை மதலேன் அக்காவுக்கு,

திட்டாமல் படி. நான் லேசில் அழுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். இன்றைக்குக் காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சைகோனில் மழை பிடித்து இரண்டு மாதமாகிறது.

சண்டை ஓய்ந்துவிட்டது, பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள். நம் காரைக்கால் ஆட்களில் பாதிப் பேர் கப்பலேறியாயிற்று. கோயிலில் தமிழ்ப் பாட்டு எடுத்துக் கொடுக்க ஆளில்லை. "நாமும் கிளம்பலாமா?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். உன்னை இந்த மண்ணில் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

மழை தொடங்கினாலே நீ கட்டிலோடு கிடப்பாயே, தலை வாராமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் என்ன பேச்சுப் பேசினேன்! "விசுவாசம் இருக்கிறவள் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாளா? எழுந்து செபமாலை சொல்லு." நீ மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "வாய் வரமாட்டேங்குதுடி செசிலி" என்றாய். நடிக்கிறாய் என்று நினைத்தேன்.

உனக்குத் தெரியாமல் இன்னொன்றும் செய்தேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, என் பாவத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, உன் சோகத்தைச் சொன்னேன். "அக்கா வந்து சொல்லமாட்டாள் சாமி, அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்." எவ்வளவு திமிர் பார்!

அதற்குச் சாமியார், "அது பாவமில்லையம்மா, நோய். டாக்டரிடம் அழைத்துப் போ. அவளால் செபிக்க முடியாதபோது பக்கத்தில் உட்கார்ந்து நீ செபி. அது பாவமில்லை என்று அவளிடம் போய்ச் சொல்வதுதான் உன் பாவத்துக்குப் பரிகாரமாக நான் தரும் அபராதம்" என்றார்.

நான் சொல்லவில்லை, அக்கா. நேற்று வரை வைதுவிட்டு இன்று எந்த வாயால் சொல்வது என்று கௌரவம் பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். அதற்குள் உனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. கடைசி நாள் என் கையைப் பிடித்து, "ஆண்டவர் என்னை மன்னிப்பாராடி?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? "வேண்டிக்கோ" என்றேன். ஐயோ, வேண்டிக்கோ என்றேனே!

இப்போது உன் சோகம் எனக்கும் வந்திருக்கிறது. சோறு இறங்கவில்லை, செபம் வரவில்லை. கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஆண்டவர் என்னை ஒன்றும் வையவில்லை. உன்னையும் வைதிருக்கமாட்டார், நான்தான் வைதேன்.

டாக்டரிடம் போகிறேன், இது சத்தியம். கல்லறைத் திருநாளன்று மழை கொட்டினாலும் உன்னிடம் வருவேன். எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்வேன். அதுவரை பொறுக்கமுடியவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அது பாவமில்லை, அக்கா.

அபராதத்தை இவ்வளவு தாமதமாகச் செய்யும்
உன் தங்கச்சி,
செசிலி