பன்னிரண்டும் எட்டும் பதினைந்து

அன்புள்ள வெடுக்குக்கு,

போன வாரம்தானே போனில் பேசினோம், இதற்குள் என்ன கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். முட்டிதான் மாடிப்படியைக் கண்டால் சண்டை பிடிக்கிறது. என் வீட்டுக்காரர் தக்காளி வளர்க்கிறேன் என்று பால்கனி முழுக்க மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறார். இதுவரை காய்த்தது இரண்டு. அந்த இரண்டையும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொழிற்சாலையில் மெஷினோடு மல்லுக்கட்டுகிறாய். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து தைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து உங்கள் மேற்பார்வையாளர் அம்மாவே பேட்டர்ன் அறைக்கு வா, நின்றுகொண்டே காகிதத்தில் மாதிரி வெட்டித் தருகிற வேலை, உன்னைவிட யார் நன்றாகச் செய்வார்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்கு ஒரே ஒரு தேர்வு. அதில் சமன்பாடு வருகிறது என்று தெரிந்ததும் படிவத்தை மடித்து ஊசிப்பெட்டிக்கு அடியில் சொருகிவிட்டாய். எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம், அது உனக்குத் தெரியாதா என்று சிரித்துக்கொண்டே என்னைச் சாட்சிக்கு வேறு இழுத்தாய். நான் உம் கொட்டினேன்.

அந்த உம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ வெடுக்கென்று எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன். முப்பத்தேழு வருஷமாக அப்படித்தான் தப்பித்து வருகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உங்கள் அம்மாவின் தையல் கடை எனக்கு அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. முன்னால் மோட்டார் மெஷின், பின்னால் கால் மெஷின், நடுவில் ஒரு கதவையே படுக்கப் போட்ட மாதிரி அந்த வெட்டு மேஜை. சூடான இஸ்திரியின் வாசனையும் ஈரத்துணியின் வாசனையும் சேர்ந்து வருமே, அது இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். அம்மா உதட்டில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டே நம்மைத் திட்டுவார். பாதி வார்த்தைதான் வெளியே வரும், அந்தப் பாதியே நமக்குப் போதும். நான் அதிகம் பேசாமல் மேஜைக் கோடியில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு அமுக்குணி என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஆளை எடைபோடத் தெரிந்த மனுஷி.

தாளை மிச்சம் பிடிக்கிறோம் என்று நாம் தையல் சாக்பீஸால் கறுப்புத் துணியில் கணக்குப் போடுவோம். அந்த வக்கீலின் கோட்டு ஞாபகம் இருக்கிறதா? காலருக்கு உள்பக்கம் 3x + 7 = 22 என்று எழுதியதைத் துடைக்க மறந்து, அப்படியே தைத்துக் கொடுத்து, அவர் அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கும் போய்விட்டார். மறுநாள் அவர் வந்து, இது என்ன, எனக்கு யாராவது செய்வினை வைத்திருக்கிறார்களா என்று கேட்டதும், அம்மா ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்ததும் நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

அந்தக் கோட்டுக் கணக்கில்தான் எனக்கு நீ வழி காட்டினாய். வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் என் மண்டையில் ஏறாதது அது. தச்சவன் முதல்ல எக்ஸை மூணால பெருக்கியிருக்கான், அதுக்கு மேல ஏழைச் சேர்த்துத் தச்சிருக்கான், கடைசியா போட்ட தையலை முதல்ல பிரிக்கணும் என்று சொன்னாய். ஏழைப் பிரி, பதினஞ்சு. மூணைப் பிரி, அஞ்சு. உள்ளே இருக்கிற துணி அஞ்சு, அவ்வளவுதாண்டி என்றாய். இரண்டு பக்கமும் எக்ஸ் வந்தால் என்ன செய்ய என்று கேட்டேன். சட்டைக்கு ரெண்டு கை இருக்குல்ல, இந்தக் கையில எவ்வளவு வெட்டுறியோ அந்தக் கையிலயும் அவ்வளவு வெட்டு என்றாய். ஒரு சாயங்காலம்தான். எனக்குக் கணக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவின் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு இரண்டோ மூன்றோ தடவைதான் வந்திருக்கிறது.

நீ மட்டும் இடையில் வழி எதையும் எழுத மாட்டாய். கேள்வியைப் பார்ப்பாய், கண்ணை ஒரு தரம் சிமிட்டுவாய், விடையை எழுதுவாய். ஸ்டெப் எங்கே, ஸ்டெப் எங்கே என்று நம் கணக்கு சார் தலையில் அடித்துக்கொள்வார். அதனாலேயே அவருக்கு ஸ்டெப் சார் என்று பெயரானது.

இனி நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்கு வருகிறேன். கரும்பலகையில் பத்துச் சமன்பாடு. ஒன்பது வரைக்கும் நான் உன் வழியிலேயே பிரித்துப் பிரித்து, ஸ்டெப்பும் எழுதிவிட்டேன். பத்தாவது 7x – 8 = 2x + 12. இரண்டு கையிலும் வெட்டினேன், எட்டைப் பிரித்தேன். பன்னிரண்டும் எட்டும் இருபது, அதை ஐந்தால் வகுத்தால் நாலு. நாலு என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா இருந்தேனா? உன் தாளை எட்டிப் பார்த்தேன். மூன்று என்று இருந்தது.

நீ தப்புப் போடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் எங்கேயோ கோட்டைவிட்டேன் என்று நினைத்தேன். எங்கே என்று தேட நேரமில்லை, மணி அடிக்கப் போகிறது. இருபதை அழித்துப் பதினைந்து என்று எழுதினேன். நாலை அழித்து மூன்று என்று எழுதினேன். பன்னிரண்டும் எட்டும் பதினைந்து என்று பதினாலு வயதுப் பெண் ஒருத்தி தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு ஒரே தப்பு. ஒரு தாளில் ஸ்டெப் இருக்கிறது, ஒன்றில் இல்லை. இல்லாதவள் காப்பி அடித்திருக்கிறாள் என்று சார் முடிவு கட்டிவிட்டார். உன்னைப் பலகைக்குக் கூப்பிட்டு, ஸ்டெப்போடு போடு பார்க்கலாம் என்றார். நீ சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றாய். மனசுக்குள்ளயே பிரிச்சுட்டேன் சார் என்றாய். ஏணி வைக்காம மேல போயிட்டியா, றெக்கை இருக்கா என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்தது. பிறகு என்னைப் பார்த்து, இவள் உன் தாளைப் பார்த்தாளா என்று கேட்டார்.

தெரியல சார் என்றேன்.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று சாயங்காலம் நீ என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. எப்போதும்போல மேஜையில் எனக்கு இடம் ஒதுக்கிவிட்டு, விடுடி, எல்லாம் குருட்டாம்போக்குல வந்த விடைதான் போல என்றாய். அடுத்த வாரம் உன்னைச் சமன்பாடெல்லாம் இல்லாத தொழிற்பிரிவு வகுப்புக்கு மாற்றினார்கள். நீ குருட்டாம்போக்கு என்று சொன்னதை நான் மறுக்கவில்லை. பிறகு நீயே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டாய்.

மறு வருஷம் உனக்குக் கண்ணாடி போட்டார்கள். தூரத்து எழுத்து தெரியவில்லை என்று டாக்டர் சொன்னாராம் என்று நீ வந்து சொன்ன அன்றுதான் எனக்குச் சுரீர் என்றது. ஜன்னலோரம் வெயில் கூசுகிற இடத்திலிருந்து நீ அந்த எட்டை மூன்று என்று படித்திருக்கிறாய். எட்டுக்குப் பதில் மூன்றைப் போட்டுப் பார்த்தேன். விடை மூன்று. நீ பார்த்த கணக்கை நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய். பத்துக்குப் பத்து.

நான் கணக்கு டீச்சரானேன். இருபத்தேழு வருஷமாகக் கடைசித் தையலை முதலில் பிரி என்றுதான் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் தையல் டீச்சர் என்கிறார்கள். இந்த வழியை யார் கண்டுபிடித்தது என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நானே கண்டுபிடித்த மாதிரி மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

என்னுடைய அந்தத் தேர்வுத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தேன், இதோடு அனுப்புகிறேன். பத்தாவது கணக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார். பதினைந்துக்கு அடியில் அழித்த இருபது இன்னும் தெரிகிறது. தனித் தாளில் முப்பது சமன்பாடு எழுதியிருக்கிறேன். முதலில் உன் பாட்டுக்கு விடையைப் போடு, பிறகு ஒவ்வொரு தையலையும் எப்படிப் பிரித்தாய் என்று ஒவ்வொரு வரியாக எழுது. ஸ்டெப் என்பது அவ்வளவுதான், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. படிவம் கொடுக்க இருபத்தெட்டாம் தேதி கடைசி என்றாய். இது உன் கைக்கு வரும்போது ஆறு நாள் மிச்சம் இருக்கும்.

என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ அந்த நிமிஷமே மன்னித்துவிடுவாய், பழசையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய் என்று சிரிப்பாய், படிவம் பெட்டிக்கு அடியிலேயே கிடக்கும். அதனால் மன்னிக்காதே. உன் ஆயுசில் ஒரு தடவையாவது என்மேல் கோபப்படு. போனை எடுக்காதே, பதில் போடாதே, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அந்தக் கோபத்தோடேயே போய் உட்கார்ந்து தேர்வை எழுது. எழுதி முடிக்கும் வரையாவது என்னை மன்னிக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தோழி