இனிஷியலுக்குள் இருந்தவர்

கேபிள் முனையில் கிளிப்பை வைத்து அழுத்துகிற உன் பிளையர் என் மேசைமேல் கிடக்கிறது. நீலக் கைப்பிடியில் ஒரு பக்கம் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அது உன் கட்டைவிரல் பட்ட இடம். துபாயிலிருந்து உன் சாமான்கள் இருந்த பெட்டி வந்த மறுநாள், இதையும் பிளாஸ்டிக் உறை போட்ட உன் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு உன் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள்.

"முப்பதாம் நாளுக்குப் பேப்பர்ல போடணும், நீங்களே எழுதிக் குடுங்கண்ணே. அவுங்க பேர நீங்க எழுதுனா தப்பு வராது" என்றாள்.

உன் பெயரைத் தப்பாக எழுதியவனே நான்தான் என்பதை இத்தனை வருடத்தில் நீ அவளிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

எங்கள் பத்திரிகையின் தஞ்சாவூர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்த புதிதில், அவற்றுக்கு லைன் போட நீயும் வந்தாய். தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். செய்தி அனுப்பும் நேரமாகப் பார்த்து லைன் அறுந்துபோகும். நீ மேசைக்கடியில் படுத்து, எட்டு நிற ஒயர்களை வரிசைப்படுத்துவாய். "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம்" என்று நீ முணுமுணுப்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவரின் மச்சான் துபாயில் ஒரு கம்பெனியில் இருந்தார். நெட்வொர்க்கிங்கில் முதல் நிலைச் சான்றிதழ் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நீ படிக்க ஆரம்பித்தாய். ஞாயிறுகளில் குத்தாலத்துக்குப் பக்கத்திலிருந்த உன் ஊருக்குப் புத்தகத்தோடு போவாய். சில ஞாயிறுகளில் நானும் வந்திருக்கிறேன்.

உன் அப்பா வைரக்கண்ணு, வாழ்நாளெல்லாம் பிறத்தியார் வயலுக்குத் தண்ணீர் திருப்பியவர். அப்போது நெஞ்சுச்சளி முற்றிக் கயிற்றுக்கட்டிலோடு கிடந்தார். ஒரு பெரிய நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது எப்படி என்று நீ நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாய். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னடா அது, வரப்பா?"

"அப்படித்தான் வச்சுக்கப்பா. இந்த வயல்லேருந்து அந்த வயலுக்குப் போகணும்னா இந்த மடை வழியாத்தான் போகணும்."

"மடைய யாரு தொறக்குறது?"

"அதுக்கு ஒரு மிஷின் இருக்கு."

"அப்ப எனக்கு அங்கயும் வேலையில்லங்குற" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. கொஞ்சம் அடங்கியதும், "காயிதம் வந்தா கொண்டாந்து காட்டு. எழுத்துத் தெரியாட்டி என்ன, பாப்பேன்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் முதலில் கேட்டது அதைத்தான். உனக்குத் துபாய் அடுத்த கவலைதான். அவர் இருக்கும்போதே அந்தக் காகிதத்தைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் பரபரத்தாய்.

தேர்வுக்கான படிவத்தை என்னிடம் கொடுத்தாய். உன் இங்கிலீஷில் உனக்கு நம்பிக்கை இல்லை. உன் பெயரை எழுதினேன். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் 'வி' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டேன்.

"அண்ணே, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு. அதே மாதிரி போட்டுருவமா?" என்று கேட்டாய்.

"இனிஷியல் போதும்டா. ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதுறோம்" என்றேன். செய்தியில் ஒரு பெயர் பிசகினால் மற்றவர்களைக் கடிந்துகொள்கிறவன் நான். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கவில்லை.

திருச்சிக்கு நானும் கூட வந்தேன். தேர்வு மையத்தில் உட்கார்ந்திருந்த பெண் உன் பாஸ்போர்ட்டையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "சார், இதுல வைரக்கண்ணு. இங்க வி மட்டும்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் உள்ள விட முடியும்."

"வி-ன்னா வைரக்கண்ணுதாம்மா" என்றேன் நான்.

"எனக்குத் தெரியுது சார். எங்கப்பாவும் இனிஷியல்லதான் இருக்காரு. ரூல்ஸ் அப்படி, நான் என்ன செய்யட்டும்?"

தஞ்சாவூருக்குத் திரும்பப் பஸ் ஏறினோம். செங்கிப்பட்டியில் கடலை வாங்கினாய். பொட்டலத்தை என்னிடம் நீட்டியபடி சொன்னாய்: "எங்கப்பாவ ஒரு எழுத்துக்குள்ள போட்டு அடைச்சிட்டீங்களேண்ணே." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

பெயரைத் திருத்தி, வேறு தேதி வாங்கி நீ தேர்வு எழுதச் சில வாரங்கள் ஆயின. நல்ல மதிப்பெண்ணோடு தேறினாய். துபாய்க் கம்பெனி காத்திருந்தது. அப்பாவால் முடியவில்லை. அவருடைய கருமாதிக்கு முதல்நாள் சான்றிதழ் கூரியரில் வந்தது.

படையலுக்கு நடுவில், வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய அவர் படம் இருந்தது. முகம் தெளிவாக இல்லை. அதன் பக்கத்தில் சான்றிதழைச் சாய்த்து வைத்தாய். உன் பெயருக்குப் பின்னால், அதே அளவு எழுத்தில், வைரக்கண்ணு. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். நீ வந்து கையைப் பிடித்து, "உள்ள வாங்கண்ணே, சாப்புடுங்க" என்றாய். அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அடுத்த முறை, அடுத்த முறை என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் தள்ளிப் போட்டேன். இனி நீ லீவில் வரப்போவதில்லை.

துபாய் போன முதல் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை போனில் பேசினாய். "இங்க எல்லாரும் என்னை மிஸ்டர் வைரக்கண்ணுன்னுதாண்ணே கூப்புடுறாங்க. மொதல்ல திரும்பிப் பாக்கவே தோணல. இப்பப் பழகிருச்சு." பிறகு, "ஊர்ல அவர ஒருத்தரும் மரியாதையா கூப்புட்டதில்ல. இங்க ஒரு வெள்ளக்காரன் தெனம் காலையில எங்கப்பாவுக்கு குட்மார்னிங் சொல்றான்" என்றாய்.

துபாயில் நீ தங்கியிருந்த அறையில், காலையில் எழுந்திருக்காமலே நீ போய்விட்டாய் என்ற செய்தி வந்தபோது அந்தக் குட்மார்னிங்தான் நினைவுக்கு வந்தது. ஒரே நாளில் அங்கே இரண்டு பேரின் பெயர் நின்றுபோனது.

நேற்று உனக்கான அஞ்சலியை எழுதிக் கொடுத்தேன். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "சார், அப்பா பேரு முழுசா வந்திருக்கு. நம்ம வழக்கப்படி இனிஷியலா மாத்திடட்டுமா?"

"பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு, தம்பி. அப்படியே போடுங்க" என்றேன்.

இத்தனை வருடங்களில் எத்தனையோ பெயர்களுக்கு முன்னால் ஒற்றை எழுத்து போட்டுப் புள்ளி வைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து திரும்பிய அந்த நாளுக்குப் பிறகு இனிஷியல் என்னவென்று யாரிடமும் கேட்பதில்லை. "அப்பா பேர் என்னங்க?" என்று கேட்கிறேன். சொல்கிறார்கள். அச்சில் ஓர் எழுத்துதான் வரும் என்று தெரிந்தும் குறிப்பேட்டில் முழுதாக எழுதிக்கொள்கிறேன்.