கோயில் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், ரூத்து

என் பிரியமுள்ள ரூத்துக்கு,

கோவளத்தில் மழை பிடித்துக்கொண்டது. நீ போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம். கல்லறைத் தோட்டத்தில் உன் பக்கம் தண்ணீர் நிற்கவில்லை, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றால் பொய். வேறு செய்தி இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பசந்தியை நீ மறந்திருக்க மாட்டாய். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த நான்கு குடும்பங்களில் ஒருத்தி. புயலன்று கொட்டகை பறந்துபோய், வயிற்றுப் பிள்ளையோடு நம் கோயில் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். நீதான் போதகரிடம் சாவி வாங்கிக் கூடத்தைத் திறந்துவிட்டாய். கமிட்டியில் முணுமுணுத்தார்கள். "அந்நியரைச் சேத்துக்கச் சொல்லி ஞாயித்துக்கெழம படிக்கிறோமே, அது இன்னா சும்மாவா?" என்று நீ கேட்டதும் அடங்கிப்போனார்கள். கூடத்துக்குப் பின்னால் குடிசை போட்டுக்கொள்ளவும் அதே கமிட்டிதான் சம்மதித்தது. அவளுக்குப் பிறந்த பெண்ணை முதன்முதலில் குளிப்பாட்டியது நீ.

இந்தத் தேர்தலில் ஒருவர் நின்றார். மேடைக்கு மேடை அவர் பேசியது ஒன்றுதான்: வெளியாட்கள் போக வேண்டும். நம் சபைக்கு வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினார். குடி ஒழிய வேண்டும், குடும்பம் கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கடவுள் பயம் வேண்டும் என்றார். கோயிலுக்கு யாராலும் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். பின்னால் இருக்கும் குடிசைகளை அப்புறப்படுத்தித் தருகிறேன் என்று அவரே பேச்செடுத்தார். ஒருவரும் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போதகர் பீடத்தில் நின்று அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்.

அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியது யார் தெரியுமா? நம் சாமுவேல். கல்பாக்கத்தில் கான்ட்ராக்டரிடம் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நோட்டீஸோடு கிளம்பிவிடுவான். உங்கள் அம்மா சேர்த்த ஜனங்களைத் துரத்தவா ஓட்டுக் கேட்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

"ப்பா, அம்மா காலம் வேற. நாளைக்கி எவனாவது கோயில் மேல கல்ல வுட்டா யாரு வருவா? பசந்தி வருவாளா? பலமா கீறவன்கூட நின்னுகினாதான் நம்ம புள்ளைங்க பொழைக்கும்" என்றான்.

அவன் பயம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ரூத்து. நானும் செய்தி பார்க்கிறவன்தான். ஆனால் பயந்தவன் தன்னைவிடப் பயந்தவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று எந்த வேதத்தில் படித்தோம்?

அவர் ஜெயித்தார். ஒரு சனிக்கிழமை ஜேசிபி வந்தது. நான் முன்னால் போய் நின்றேன். போலீஸ்காரர் ஒருவர் தோளில் கைபோட்டு, "பெருசு, ஓரமா வா" என்று நகர்த்திவிட்டார். சாமுவேல் கமிட்டிக்காரர்களோடு நின்றிருந்தான், என்னைப் பார்க்கவில்லை. மழை வேறு. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்கள். கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

மற்ற மூன்று குடும்பமும் கிடைத்த லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். பசந்தியையும் அவள் புருஷனையும் குழந்தையையும் நான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர்கள் தலைகூடத் துவட்டியிருக்க மாட்டார்கள், சாமுவேல் வந்துவிட்டான். இவர்கள் இருந்தால் தானும் தன் பெண்டாட்டியும் வெளியே போகிறோம் என்றான். போடா என்று சொன்னேன். நிஜமாகவே சொன்னேன், ரூத்து.

பசந்திக்கு இப்போது தமிழ் நன்றாகப் புரியும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வேணாங்கய்யா. அம்மா வூட்ல சண்ட வேணாம்" என்றாள். கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தேன். பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஆராதனையில் வெற்றிக்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் எழுந்து பேச வாயெடுத்தேன். அப்புறம் பேசலாம் என்றார் போதகர். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையை இழுத்து உட்கார வைத்தார். இவர்கள் கெட்டவர்கள் இல்லையே! நீ படுக்கையில் கிடந்தபோது முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தவர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஜெபம் வரமாட்டேன் என்கிறது. இந்த ஜனங்களே இப்படி என்றால் வேறு யாரிடம் போய் நிற்பேன்?

சாமுவேலும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மருமகள் நேரத்துக்குச் சோறு போடுகிறாள். பேச்சுதான் இல்லை.

பொத்தேரியில் மாணவர் விடுதி கட்டுகிற இடத்தில் ஒடிசா ஆட்கள் இருப்பதாகச் சொன்னார்கள். போய் விசாரித்தேன், இல்லை. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் கேட்டேன். சொந்த ஊருக்கே போயிருப்பார்கள் என்றார் ஒருவர். அங்கே பிழைப்பு இருந்தால் இங்கே ஏன் வந்தார்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன். என் கால் நடக்கிறவரை தேடுவேன். கண்டால், வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. அந்தக் குழந்தை எங்கே தூங்குகிறது என்று மட்டும் பார்த்து வந்து உன்னிடம் சொல்கிறேன்.

சாமுவேலுக்குத் தகப்பனும்,
உனக்கு என்றைக்கும் வீட்டுக்காரனுமான
தேவராஜ்