வசனத்துக்கு முன்னால் ஒரு மூச்சு

பிப்ரவரி 9

அன்புள்ள சவுண்டுக்கு,

நலமா? நான் நலமாகத்தான் இருக்கிறேன். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஒலிப்பதிவு செய்கிற உங்களுக்கு ஸ்டுடியோவில் எல்லோரும் வைத்த பெயரையே எழுதிவிட்டேன். ‘சவுண்டும் வாண்டும்’ என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்களே. நாம் பிரிந்து பதினேழு வருடமாகியும் அந்தப் பெயர் மட்டும் பிரியவில்லை.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் கேட்டால் நீங்கள் ‘உம்’ கொட்டியே தப்பித்துவிடுவீர்கள்.

குழந்தைக் குரலுக்கு இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. மின்சார அலுவலகத்துக்கு போன் செய்தால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று ஒரு பெண் சொல்வாளே, அது நான்தான். பாதி ஊர் தினமும் என்னைத் திட்டுகிறது, ஆள் யாரென்று தெரியாமலே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே நர்ஸ் பெண் பேச்சுக் கொடுத்தாள். நான் இரண்டு வார்த்தை சொன்னதும் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். “நீங்க பலூன் அக்காதானே?” என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நம் ஸ்டுடியோவில் டப்பிங் செய்த ஜப்பான் கார்ட்டூன் தொடரைச் சொல்கிறாள். கார்ட்டூன் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டாள். அனிமே என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

நான் அதை டிவியில் பார்த்ததே இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசிக் காட்சியை எனக்கே கதையாகச் சொன்னாள். ஊர் கடலில் மூழ்குகிறது. மிச்சமிருப்பது ஒரே ஒரு பலூன், அதில் ஒரே ஒரு இடம். அக்கா தம்பியை ஏற்றிவிட்டு, ‘அடுத்ததுல வரேன்’ என்கிறாள். அடுத்தது என்று ஒன்று கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் ‘சரி’ என்று கையை ஆட்டுகிறான். இதைச் சொல்லும்போதே அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. பிறகு ஒன்று சொன்னாள்: “வரேன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க மூச்சு ஒண்ணு வரும் பாருங்க. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்துல எனக்கு உடைஞ்சிடும்.”

அப்படி ஒரு மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ரசிகர்கள் அடுத்த மாதம் ஒரு கூட்டம் வைக்கிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போய் விழிப்பதற்கு முன்னால் உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். அது என்ன மூச்சு?

முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
வாண்டு


பிப்ரவரி 21

அன்புள்ள வாண்டு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! இன்னும் ‘ழ’வுக்கு வால் நீளமாகத்தான் போடுகிறாய்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் அதற்கு என் வயது ஞாபகம் வந்துவிடுகிறது. ஸ்டுடியோவில் பெரிய அறையைப் பிரித்து மூன்று சின்ன அறை ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாதது. பழைய டேப்புகளைத் துடைத்து, இரைச்சலை நீக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் இப்போது வேலை. வேடிக்கையைப் பார், நீ எழுதியிருக்கும் அதே தொடரை மறுபடி வெளியிடப் போகிறார்கள். அதன் ஒலிநாடாக்கள் என் மேஜை மேல்தான் இருக்கின்றன.

மூச்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த வசனத்தைப் பதினோரு தடவை எடுத்தோம். ஏதோ ஒன்றில் விட்டிருப்பாய், மறந்திருப்பாய். ரசிகர்கள் ஒன்றைப் பத்தாக்கிப் பேசுவார்கள். நீ கூட்டத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வா, அது போதும்.

ரத்தப் பரிசோதனை எதற்கு? முடிவு வந்ததா? அதை எழுதவே இல்லையே.

அன்புடன்,
சவுண்டு


பிப்ரவரி 26

அன்புள்ள சவுண்டுக்கு,

லேசான ரத்தசோகை, அவ்வளவுதான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

பதினோரு தடவை எடுத்தோம் என்பது நீங்கள் எழுதியதும் எனக்கும் ஞாபகம் வந்தது. ஏன் அத்தனை தடவை எடுத்தோம் என்பதும் ஞாபகம் வந்தது. நான் ஒவ்வொரு தடவையும் வசனத்துக்கு முன்னால் மூச்சை இழுத்தேன். டைரக்டர் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார். “மூச்சு வாங்காதம்மா. அக்கா தடுமாறினா பையனுக்குச் சந்தேகம் வந்துடும். கடைக்குப் போற மாதிரி சொல்லு” என்றார். பதினோராவதில் மூச்சே இல்லாமல் சொன்னேன். அதைத்தான் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் டீ குடிக்கப் போனார். நான் மைக் முன்னாலேயே நின்றேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இருந்த என் தம்பி போய்விட்டான் என்று சொன்னீர்கள்.

இத்தனை வருடமாக இந்த இரண்டையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நேற்றுக் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டும் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. எனக்குத் தப்பாகத் தோன்றுகிறது என்றால், தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

வாண்டு


மார்ச் 10

அன்புள்ள வாண்டு,

தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன்.

நீ நினைப்பது சரி.

உன் சித்தப்பா கண்ட்ரோல் அறை போனில் கூப்பிட்டுச் சொன்னார். காலை பதினொன்றரை மணி. நான் எழுந்து, கதவைத் திறந்து, உன்னிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்தி, உன் ஹெட்போனில் சொன்னேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது, இதையாவது நம்பு. நீ அழவில்லை. ஒரே ஒரு மூச்சு, பாதியில் நின்ற மாதிரி. பிறகு “எப்போ?” என்று கேட்டாய். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து டைரக்டர் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். சப்பென்று இருக்கிறது, மூச்சு இருந்திருக்கலாம் போல, நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் ஒளிபரப்பு. நீ துக்க வீட்டில் இருந்தாய். டேப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ‘எப்போ’வை வெட்டிவிட்டு மூச்சை மட்டும் எடுத்து வசனத்துக்கு முன்னால் ஒட்டினேன். நாலு நிமிஷ வேலை. அவர் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். பழைய டேக் ஒன்றில் கிடைத்தது என்று சொன்னேன்.

நீ திரும்பி வந்ததும் சொல்ல நினைத்தேன். அதற்குள் ஊரெல்லாம் அந்தக் காட்சியைப் பேச ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் நீ மூச்சு விடுவதே எனக்குக் கேட்கத் தொடங்கியது. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை அதிகம் என்று ஸ்டுடியோவிலேயே தங்கினேன். ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு வருடம் கேட்டாய். பிறகு கேட்பதை நிறுத்தினாய். பெட்டியைக் கட்டினாய்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பதில் எழுது.

சவுண்டு


மார்ச் 29

அன்புள்ள வாண்டு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். உன் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று அந்தக் காட்சியைச் சரிசெய்தேன். மூச்சை எடுத்துவிட்டேன். பதினோராவது டேக் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறேன். அன்றைய ஒரிஜினல் ரீலையும் அழித்துவிட்டேன், இனி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. செய்த தப்பைத் திருத்த எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். இருபது வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான் கொஞ்சம் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஒரு வரி எழுதினாலும் போதும்.

உன் சவுண்டு


ஏப்ரல் 20

உங்களுக்கு,

மார்ச் 28-ம் தேதியே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் வைத்திருந்தேன். நாலு நாள் தயங்கிவிட்டுத் தபாலில் சேர்ப்பதற்குள் உங்களுடையது வந்துவிட்டது. என்னுடையதைக் கிழித்துப் போட்டேன். அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் மார்ச் 10 கடிதத்தைப் படித்துவிட்டு ஐந்து நாள் போனையே அணைத்து வைத்திருந்தேன். கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. நான் உங்களுக்கு அலுத்துப்போனேன், என் முகம் சலித்துவிட்டது, பிள்ளை இல்லாததுதான் குறை என்று எத்தனை காரணம் தேடியிருப்பேன். பதினேழு வருடமாக என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரித்திருக்கிறேன். நீங்கள் காரணம் தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். நர்ஸ் பெண் வீட்டுக்கே வந்து அழைத்துப் போய்விட்டாள். ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் கூட்டம், நாற்பது பேர் இருப்பார்கள். நான் நினைத்த மாதிரி சின்னப் பிள்ளைகள் இல்லை. தலை நரைத்தவர்களும் இருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி அந்தக் காட்சியைப் போட்டார்கள். முதல் தடவையாகக் கேட்டேன்.

அது என் மூச்சுதான். என் தம்பிக்காக நான் விட்ட மூச்சு. அதை எடுத்து, கண் மட்டும் பெரிதாக வரைந்த ஒரு பெண்ணின் வாயில் வைத்திருக்கிறீர்கள். எழுந்து போய்விட நினைத்தேன். அதற்குள் காட்சி முடிந்துவிட்டது.

விளக்கைப் போட்டதும் ஆளுக்கு ஆள் பேசினார்கள். பஸ் ஓட்டும் ஒரு அம்மாள், யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். “எங்கம்மா ஆஸ்பத்திரில கடைசியா இருந்தப்போ, நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்மான்னு சொன்னேன். அவங்களும் சரின்னாங்க. ரெண்டு பேருக்குமே தெரியும். பொய் சொல்லி அனுப்பிட்டேனேன்னு ரொம்ப நாள் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இதைப் பார்த்தப்புறம்தான், எங்கம்மாவும் எனக்காகத்தான் சரின்னு சொல்லியிருக்காங்கன்னு புரிஞ்சுது” என்றார். யாரும் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. உங்களுக்கும் தெரியாது. அன்று காலை ரெக்கார்டிங்குக்குக் கிளம்பும்போது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். ‘சாயந்திரம் வந்துடறேன்’ என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்து, “சரிக்கா, மெதுவா வா” என்றான். நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வருவதாகத்தான் நினைத்தேன். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா போன பிறகு நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை, என் மனம் நோகக்கூடாது என்று ‘மெதுவா வா’ சொல்லி அனுப்பியிருக்கிறான். இருபது வருடமாக இது எனக்குத் தட்டுப்படவே இல்லை. அந்த மாடியில் உட்கார்ந்து முன்பின் தெரியாத நாற்பது பேரோடு அழுதேன். அவனுக்காக நான் ஒழுங்காக அழுதது அன்றுதான்.

கிழித்த கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: நீங்கள் செய்ததை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த மூச்சு அங்கேயே இருக்கட்டும். அதில் என் தம்பி இருக்கிறான். கை வைக்காதீர்கள்.

நாலாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

உங்களுக்குப் புரிகிறதா? எடுத்தபோதும் என்னைக் கேட்கவில்லை. அழித்தபோதும் கேட்கவில்லை. இரண்டு வாரம் நான் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்துக்கும் நீங்களே ஒரு வசனம் எழுதிக்கொள்கிறீர்கள். உங்களுக்குப் பாரம் இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்கியிருக்கும்.

பழைய பதிவு ரசிகர்களின் வீடுகளில் இருக்கிறது. அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்பதை இந்தத் தடவை நான் முடிவு செய்ய நினைத்தேன். தொடரை வெளியிடும் கம்பெனியின் மேனேஜரிடம் பேசினேன். போன செவ்வாய்க்கிழமை, வேறொரு ஸ்டுடியோவில், அந்த ஒரு வரியை மறுபடி பேசினேன். ஒலிப்பதிவு செய்தது ஒரு பெண். சிவப்பு விளக்கைப் போடுவதற்கு முன்னால் அறைக்குள்ளேயே வந்து, “நீங்க தயாரா? இப்போ எடுக்கலாமா, கொஞ்சம் உட்கார்றீங்களா?” என்று கேட்டாள். உட்கார்கிறேன் என்றேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. அவள் அவசரப்படுத்தவில்லை.

என் குரல் தடித்துவிட்டது, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல் இனி வராது என்று பயந்தேன். ஒரே டேக்கில் வந்தது. மூச்சு வந்ததா இல்லையா என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை. எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரியும். தொடர் வெளிவந்ததும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

நீங்களும் கேட்பீர்கள். கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்டுவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

முழங்காலுக்கு நல்ல டாக்டரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
நான்